மகுடம் சூடாமல் ஸ்காட்லாந்தை ஆண்டவர்: ஆல்பனி டியூக் ராபர்ட் ஸ்டூவர்ட்

கேள்வி இதுதான்: 1400 வாக்கில் ஸ்காட்லாந்தில் மன்னர் பெயருக்குத்தான் இருந்தார், ஆட்சியெல்லாம் அவருடைய தம்பி ஆல்பனி டியூக் கையில் என்று படித்தேன். இந்த ஆல்பனி, அண்ணனின் மூத்த மகனைப் பட்டினி போட்டுக் கொன்றார், இளைய மகனை ஆங்கிலேயரிடம் சிறையிலேயே விட்டுவிட்டார் என்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை? அவர் எப்படிப்பட்ட மனிதர்?

ஆட்சி அவர் கையில் இருந்தது உண்மை. 1388 முதல் 1420 வரை, நடுவில் சில ஆண்டுகள் தவிர, நாட்டின் கடிவாளம் அவரிடம்தான். மூத்த அண்ணன் மகனைப் பிடித்துச் சிறையில் வைத்ததும் அவர்தான். அந்தப் பையன் அந்தச் சிறையிலேயே செத்தான். பட்டினி போட்டாரா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

ராபர்ட் 1340 வாக்கில் பிறந்தார். தந்தையும் ராபர்ட் ஸ்டூவர்ட்தான். பேனக்பர்ன் போரில் வென்ற ராபர்ட் புரூஸின் மகள்வழிப் பேரன். தாய் எலிசபெத் மியூர். இருவருக்கும் திருமணத்தில் திருச்சபை விதிப்படி ஒரு தடை இருந்ததால், போப்பின் அனுமதி 1347-இல் வந்த பிறகுதான் பிள்ளைகள் முறைப்படியான வாரிசுகள் ஆனார்கள். நம் ராபர்ட் அதற்கு முன்பே பிறந்தவர். வீட்டில் மூன்றாவது மகன். மூத்தவர் ஜான். அடுத்தவர் வால்டர் இளவயதிலேயே இறந்துவிட்டார். நான்காமவர் அலெக்சாண்டர், வடக்கே எல்ஜின் பேராலயத்தை 1390-இல் கொளுத்தி ‘பேடனாக்கின் ஓநாய்’ என்று பெயர் வாங்கியவர்.

மூன்றாவது மகனுக்குச் சொத்து எங்கிருந்து வரும்? பெண் வழியாகத்தான். 1361-இல் மென்டீத் சீமையின் வாரிசான மார்கரெட் கிரகாமை மணந்தார். அந்தச் சீமை அவர் கைக்கு வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1371-இல், இறந்துபோன அண்ணன் வால்டரின் மனைவியாக இருந்த இசபெல்லா, தன் ஃபைஃப் சீமையை ஓர் ஒப்பந்தம் மூலம் இவருக்கு எழுதிக் கொடுத்தார். ஏர்ல் என்றால் ஒரு சீமையின் பிரபு. அதிலும் ஃபைஃப் ஏர்ல் என்றால் ஸ்காட்லாந்தில் சாதாரணப் பட்டம் இல்லை. மன்னர் முடிசூடும்போது அவரை அரியணையில் அமர்த்தும் உரிமை அந்தக் குடும்பத்துக்கே உரியது. அதே 1371-இல் தந்தை இரண்டாம் ராபர்ட் என்ற பெயரில் மன்னரானார். 1373-இல் ஸ்டர்லிங் கோட்டைப் பொறுப்பு மகனிடம் வந்தது. 1382-இல் அரசின் வரவு செலவைப் பார்க்கும் சேம்பர்லின் பதவியும் வந்தது. நாட்டின் நடுவில் இருக்கும் கோட்டையும் கஜானாவும் ஒரே ஆளிடம். இதற்காக அவர் ஒரு போர்கூடச் செய்யவில்லை, எல்லாம் பத்திரமும் முத்திரையும் வைத்து நடந்தவை. அவரைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். வாழ்நாள் முழுக்க அவர் எந்த அதிகாரத்தையும் ஒரு காகிதம் இல்லாமல் எடுத்துக்கொண்டதில்லை.

அவர் குணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டூன் கோட்டையைப் பார்க்க வேண்டும். ஸ்டர்லிங்கிலிருந்து வடமேற்கே பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டரில், டீத் ஆறும் ஆர்டாக் ஓடையும் சேரும் மேட்டில் அவர் கட்டியது. இன்றும் பெருமளவு முழுதாக நிற்கிறது. சினிமாக்காரர்கள் தேடிப் போகும் இடம். வாசல் கோபுரம் முப்பது மீட்டரை நெருங்கும் உயரம். அதன் மாடியில் டியூக்கின் சொந்தக் கூடம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுப்புகள் கொண்ட கணப்புடன். அடுத்தாற்போல் இருபது மீட்டர் நீளத்தில் பெரிய கூடம், அதற்கு அப்பால் ஒரு கோபுரம் அளவுக்குச் சமையலறை. வருகிறவர்களை உட்காரவைத்துச் சோறு போட்டுப் பேசிப் பேசியே காரியம் முடிக்கும் ஆள் கட்டிய வீடு என்பது அந்தக் கூடத்தில் நின்றால் தெரிந்துவிடும்.

அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் பேச்சுக்கு அவ்வளவு பலம் ஏன் என்றால், பிரபுக்கள் கூடும் பொதுச்சபை அங்கே நிஜமான அதிகாரம் உள்ள இடம். மன்னருக்கு முடியவில்லை என்றால் சபை கூடி, ஆட்சியை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். 1384-இல் வயதான இரண்டாம் ராபர்ட்டிடமிருந்து ஆட்சியை வாங்கி மூத்த மகன் ஜானிடம் கொடுத்தார்கள். 1388-இல் ஜானுக்கு இரண்டு அடி விழுந்தது. ஒரு குதிரை உதைத்துக் கால் ஊனமாயிற்று. ஆகஸ்டில் ஆட்டர்பர்ன் போரில், வெற்றி ஸ்காட்லாந்துக்குத்தான் என்றாலும், ஜானுக்குப் பெரிய தூணாக இருந்த டக்ளஸ் ஏர்ல் கொல்லப்பட்டார். டிசம்பரில் சபை கூடி, இந்த உடம்போடு ஜானால் நாட்டைக் காக்க முடியாது என்று சொல்லி, தம்பி ராபர்ட்டை நாட்டின் காப்பாளராக நியமித்தது. டக்ளஸ் சீமைக்கு யார் வாரிசு என்ற தகராறில் ‘கடுமுகத்து’ ஆர்ச்சிபால்டுக்கு ராபர்ட் துணை நின்றார். அந்த நட்பு அடுத்த தலைமுறைக்கும் நீண்டது. வடக்கை ஆல்பனியும் தெற்கை டக்ளஸும் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டின் விதை அங்கேதான் விழுந்தது.

1390 ஏப்ரலில் தந்தை இறந்தார். ஜான் அரியணை ஏறினார். ஆனால் ‘ஜான்’ என்ற பெயர், ஆங்கிலேயருக்குப் பணிந்துபோன ஜான் பேலியல் மன்னரை நினைவூட்டும் என்பதால், தம்பியின் பெயரையும் தந்தையின் பெயரையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் ராபர்ட் ஆனார். மன்னரான பிறகும் ஆட்சி தம்பியிடமே சில ஆண்டுகள் இருந்தது. 1398-இல் மன்னர் தன் தம்பிக்கு ஆல்பனி டியூக், மூத்த மகன் டேவிட்டுக்கு ராத்சே டியூக் என்று பட்டம் கொடுத்தார். டியூக் என்பது ஏர்லுக்கும் மேலான பட்டம். ஸ்காட்லாந்தின் வரலாற்றில் முதல் டியூக்குகள் இவர்கள் இருவரும்தான். சித்தப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நாளில் ஒரே தரப் பட்டம். அதில் தந்தையின் கவலை தெரிகிறது, தம்பிக்கு மேலே மகனைத் தூக்கிவைக்க முடியாத நிலைமையும் தெரிகிறது.

1399 ஜனவரியில் பெர்த் நகரில் சபை கூடி, நாட்டின் சீர்கேட்டுக்கு மன்னரும் அவர் அதிகாரிகளுமே பொறுப்பு என்று எழுத்தில் பதிவு செய்தது. ஆட்சியை மூன்று ஆண்டுக்கு டேவிட்டிடம் கொடுத்தது. இருபது வயதுப் பையன். துணிச்சல் நிறைய, பொறுமை குறைவு. மார்ச் சீமையின் ஏர்ல் ஜார்ஜ் டன்பாரின் மகளை மணப்பதாகச் சொல்லிவிட்டு, அதை முறித்து ‘கடுமுகத்து’ ஆர்ச்சிபால்டின் மகளை மணந்தான். அவமானப்பட்ட டன்பார் நேராக இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றியிடம் போய்ச் சேர்ந்தார். 1400-இல் ஹென்றி எடின்பரோ வரை படையோடு வந்தார். டேவிட் கோட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான், ஹென்றி வெறுங்கையோடு திரும்பினார். அதை நான் டேவிட்டின் கணக்கில் நல்லதாகவே சேர்ப்பேன். ஆனால் துறைமுக ஊர்களின் சுங்கப் பணத்தில் அவன் கைவைத்தான். சேம்பர்லினாக அந்தப் பணத்தைப் பார்த்துவந்தவர்கள் ஆல்பனியின் குடும்பம். அதோடு, பையனுக்குத் துணையாக இருந்தவர்கள் வரிசையாகப் போனார்கள்: மாமனார் ஆர்ச்சிபால்டு 1400 கிறிஸ்துமஸ் சமயத்தில், தாய் அனபெல்லா ராணி 1401-இல், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆயர் வால்டர் டிரெயில் அதே ஆண்டில்.

மூன்றாண்டுத் தவணை முடியும் தறுவாயில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டையைத் தன் பொறுப்பில் எடுக்க டேவிட் குதிரையில் போனான். வழியில் பிடிபட்டான். பிடித்தவர்கள் அவனுக்கு நெருக்கமாக இருந்தவர்களே. முதலில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டையிலேயே அடைத்தார்கள். ஆல்பனியும், டேவிட்டின் மைத்துனனான நான்காம் டக்ளஸ் ஏர்லும் குல்ராஸில் கூடிப் பேசினார்கள். அப்புறம் அவனை ஆல்பனியின் சொந்தக் கோட்டையான ஃபால்க்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1402 மார்ச் கடைசியில் அங்கே இறந்தான். வயது 23. லிண்டோர்ஸ் மடாலயத்தில் புதைத்தார்கள்.

வால்டர் பவர் என்ற மடாதிபதி 1440-களில் எழுதிய வரலாற்றில் இரண்டையும் சொல்கிறார்: வயிற்றுக்கடுப்பால் செத்தான், பசியால் செத்தான் என்று சொல்பவர்களும் உண்டு. அடுத்த நூற்றாண்டில் எழுதியவர்கள் கதையை வளர்த்தார்கள். மேல்தளத்தின் இடுக்கு வழியாக ஒரு பெண் மாவு தூவினாளாம், இன்னொரு பெண் நாணல் குழாய் வழியாகத் தாய்ப்பால் கொடுத்தாளாம். இவையெல்லாம் நடந்து நூறாண்டு கழித்து வந்தவை, நான் நம்பவில்லை.

நான் நம்புவது வேறொரு காகிதத்தை. 1402 மே மாதம் ஹோலிரூட்டில் கூடிய பொதுச்சபை ஒரு பிரகடனம் வெளியிட்டது. டேவிட்டைக் கைது செய்தது ஆல்பனியும் டக்ளஸும்தான், நாட்டின் நன்மைக்காகச் செய்தார்கள் என்று அது ஒப்புக்கொள்கிறது. அவன் கடவுளின் சித்தத்தால் இறந்தான், வேறு எதனாலும் அல்ல என்று சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. இருவர்மீதும் ஏதாவது குற்றம் இருந்தால் அதற்கும் மன்னிப்பு அளிக்கிறது. இருவரைப் பற்றியும் யாரும் அவதூறு பேசக்கூடாது என்றும் தடை போடுகிறது. குற்றமே இல்லாதவருக்கு மன்னிப்பு எதற்கு? இந்தப் பிரகடனம் மன்னரின் பெயரில், செத்துப்போனவனின் தந்தை பெயரில், வெளியானது. ஒரு தகப்பனின் பெயரில் அப்படி ஒரு கடிதம் எழுதவைக்க முடிந்தது என்பதே எனக்கு மற்ற எல்லாக் கதைகளையும்விடக் கொடுமையாகப் படுகிறது. எப்படிச் செத்தான் என்பதை இனி நிரூபிக்க முடியாது. ஆனால் அரியணைக்கு உரியவனை விசாரணை இல்லாமல் தன் கோட்டையில் பூட்டி வைத்தவர், அந்தச் சாவுக்குப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. என் முடிவு அதுதான்.

ஆல்பனிக்கு அந்த ஆண்டே அடியும் விழுந்தது. செப்டம்பர் 14 அன்று ஹோமில்டன் குன்றில் ஆங்கில வில்லாளிகளிடம் ஸ்காட்லாந்துப் படை நொறுங்கியது. டக்ளஸ் ஏர்ல் ஒரு கண்ணை இழந்து பிடிபட்டார். ஆல்பனியின் மூத்த மகன் மர்டாக்கும் பிடிபட்டார்.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். மன்னருக்கு மிச்சம் இருந்தது ஜேம்ஸ் என்ற ஒரே மகன். 1406-இல் பதினொரு வயது. அவனைப் பிரான்சுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. பையனோடு போன சர் டேவிட் ஃப்ளெமிங், டக்ளஸ் கூட்டத்தாரால் பிப்ரவரியில் கொல்லப்பட்டார். பையனைக் கடலில் நிற்கும் பாஸ் பாறைக்குப் படகில் கொண்டுபோய் ஒளித்தார்கள். கடற்பறவைகளும் உப்புக்காற்றும் தவிர ஒன்றும் இல்லாத அந்தப் பாறையில் ஒரு மாதம் போலக் காத்திருந்து, பால்டிக் கடல் துறைமுகமான டான்சிக்கிலிருந்து வந்த ஒரு சரக்குக் கப்பலில் ஏறினான். மார்ச்சில் இங்கிலாந்தின் ஃபிளாம்பரோ முனைக்கு அருகே கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்து அவனை நான்காம் ஹென்றியிடம் ஒப்படைத்தார்கள். செய்தி கேட்ட மூன்றாம் ராபர்ட் ஏப்ரல் 4 அன்று ராத்சே கோட்டையில் இறந்தார். தன்னைக் குப்பைமேட்டில் புதைத்து, மன்னர்களில் மோசமானவன், மனிதர்களில் பரிதாபமானவன் என்று கல்லறையில் எழுதும்படி அவர் மனைவியிடம் ஒருமுறை சொன்னதாகப் பவர் எழுதுகிறார்.

கப்பலைக் காட்டிக்கொடுத்தது ஆல்பனிதான் என்று சிலர் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. அதற்குப் பிறகு அவர் செய்ததற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. ஜூன் மாதம் சபை அவரை ஆளுநராக்கியது. சிறுவன் ஜேம்ஸ் மன்னர் என்று சபை ஏற்றுக்கொண்டபோதும், ஆல்பனியின் ஆவணங்கள் அவனை ‘மறைந்த மன்னரின் மகன்’ என்றே குறிப்பிட்டன. சாசனங்கள் ஜேம்ஸின் ஆட்சியாண்டைச் சொல்லவில்லை, ஆளுநரின் ஆண்டைச் சொல்லின. ஆளுநருக்கென்று தனி முத்திரை. அதில் அவர் ஆசனத்தில் வீற்றிருக்கிறார், கையில் செங்கோலுக்குப் பதில் வாள். ‘கடவுளின் அருளால்’ என்ற சொற்றொடரையும் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் மர்டாக்கும் ஜேம்ஸும் இருவருமே கைதிகள். 1416-இல் மர்டாக் விடுதலையாகி வந்துவிட்டார். ஸ்காட்லாந்தில் இருந்த இளம் ஆங்கிலப் பிரபு ஹென்றி பெர்சிக்கு மாற்றாக அவரை விட்டார்கள். ஜேம்ஸ் வரவில்லை. ஆளுநருக்கும் பிரபுக்களுக்கும் தன் விடுதலை தாமதமாவதைப் பற்றி அவன் மனம் நொந்து எழுதிய கடிதங்கள் உண்டு. நியாயமாகச் சொன்னால், மன்னரையே கையில் வைத்திருந்த இங்கிலாந்து பெரிய விலை கேட்டது. ஆனாலும் ஒருவர் வந்து இன்னொருவர் வராமல் போனதைப் பதினான்கு ஆண்டு ஆண்ட ஒரு கெட்டிக்காரரின் இயலாமை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது அநியாயம். அவர் காலத்தில் வாழ்ந்த ஆண்ட்ரூ வின்டவுன் என்ற எழுத்தாளர் அவரை வானளாவப் புகழ்கிறார். உயரம், அழகு, அறிவு, பொறுமை என்று ஒன்று விடவில்லை. டேவிட்டின் சாவைப் பற்றிச் சந்தேகம் எழுப்பிய அதே பவரும் ஆளுநரின் நல்ல குணங்களை எழுதுகிறார். அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எனக்குப் பிடித்தது. 1409-இல் ஆங்கிலேயரிடமிருந்த ஜெட்பரோ கோட்டை மீட்கப்பட்டது. அதை இடித்துத் தள்ளும் செலவுக்கு வீட்டுக்கு, அதாவது ஓர் அடுப்புக்கு, இரண்டு பென்னி வரி போடலாம் என்று யோசனை வந்தது. தன் காலத்தில் அப்படி ஒரு வரி வசூலித்ததில்லை, ஏழைகளின் சாபம் தனக்கு வேண்டாம் என்று ஆல்பனி மறுத்துவிட்டார். சுங்க வருமானத்திலிருந்து செலவைக் கொடுத்தார். வரி கட்டும் குடியானவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பிரபுக்கள் அதே சுங்கப் பணத்தைத் துறைமுகங்களில் அள்ளிக்கொண்டு போனபோதும் அவர் பெரிதாகத் தடுக்கவில்லை, டக்ளஸ்காரர்கள் உட்பட. அவருடைய ஆட்சியின் சமாதானம் அந்த விட்டுக்கொடுப்பில்தான் நின்றது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்தின் முதல் பல்கலைக்கழகம், அவர் காலத்தில்தான் பிறந்தது. 1410-இல் பாடம் தொடங்கி, 1413-இல் போப்பின் ஆணை பெற்றது. ஆயர் ஹென்றி வார்ட்லாவுக்கே அந்தப் பெருமை சேரும் என்றாலும், நாடு ஓரளவு அமைதியாக இருந்ததால்தான் அது முடிந்தது.

அந்த அமைதி வடக்கே ஒருமுறை பலமாக உடைந்தது. ராஸ் சீமைக்கு வாரிசு யூஃபீமியா என்ற சிறுமி. ஆல்பனியின் மகள் வயிற்றுப் பேத்தி. பேத்தியைத் தன் பாதுகாப்பில் வைத்துக்கொண்டு சீமையைத் தன் குடும்பத்துக்கே கொண்டுவரப் பார்த்தார். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் தலைவர் டோனால்ட், தன் மனைவி அந்தச் சிறுமிக்கு அத்தை என்பதால் உரிமை தனக்கு என்றார். டோனால்டின் தாய் ஆல்பனியின் கூடப்பிறந்த அக்கா தங்கையரில் ஒருவர். ஆக டோனால்ட் அவருக்கு மருமகன் முறை. அவரை எதிர்த்து நின்ற மார் ஏர்ல் அலெக்சாண்டரோ, ‘ஓநாய்’ தம்பியின் மகன். 1411 ஜூலை 24 அன்று அபர்டீன்ஷையரில் ஹார்லா என்ற இடத்தில் மருமகனும் தம்பி மகனும் மோதினார்கள். நாள் முழுக்க நடந்த அந்தப் போர் வெற்றி தோல்வி தெளிவில்லாமல் முடிந்தது. டோனால்ட் திரும்பிப் போனார், ஆல்பனி டிங்வால் கோட்டையைப் பிடித்தார். 1415-இல் யூஃபீமியா தன் சீமையைத் தாய்மாமனுக்கு, அதாவது ஆல்பனியின் மகன் ஜானுக்கு, எழுதிக் கொடுத்தாள். மறுபடியும் பெண் வழிச் சொத்து, மறுபடியும் ஒரு பத்திரம். நாற்பது ஆண்டுக்கு முன் ஃபைஃப் வந்த அதே வழி.

அந்த மகன் ஜான்தான், இரண்டாம் மனைவி மியூரியெல்லாவின் பிள்ளை, பக்கன் ஏர்ல். 1419-இல் சுமார் 6,000 பேரோடு பிரான்சுக்குப் போனார். 1421-இல் போஷே போரில் இங்கிலாந்து மன்னரின் தம்பி கிளாரன்ஸ் டியூக்கைக் கொன்று வென்றார். பிரான்சின் தலைமைப் படைத்தலைவர் பதவியே அவருக்குக் கிடைத்தது. தந்தை அதைப் பார்க்க இல்லை. 1420 செப்டம்பர் 3 அன்று ஸ்டர்லிங் கோட்டையில், எண்பதை ஒட்டிய வயதில் ஆல்பனி இறந்தார். பதவியோடு, படுக்கையில். மன்னர்கள் உறங்கும் டன்ஃபெர்ம்லின் மடாலயத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

கணக்கு அவர் பிள்ளைகளிடம்தான் தீர்க்கப்பட்டது. மர்டாக் தந்தையின் பதவிக்கு வந்தார், ஆனால் தந்தையின் சாமர்த்தியம் வரவில்லை. சொந்த மகன் வால்டரே அடங்கவில்லை. 1424-இல் ஜேம்ஸ், பதினெட்டு ஆண்டுச் சிறைக்குப் பிறகு, 40,000 பவுண்டு மீட்புத்தொகைக்கு ஒப்பந்தம் போட்டு நாடு திரும்பினார். மே 21 அன்று ஸ்கோனில் அவரை அரியணையில் அமர்த்தியது யார் தெரியுமா? ஃபைஃப் ஏர்ல் என்ற முறையில் மர்டாக்தான். மூன்று மாதத்தில் பக்கன் ஏர்ல் பிரான்சில் வெர்னோய் போரில் இறந்தார். அந்தக் குடும்பத்தின் படைபலமும் அவரோடு போனது. அடுத்த ஆண்டு மே 24, 25 தேதிகளில், ஸ்டர்லிங்கில் மர்டாக், அவர் மகன்கள் வால்டர், அலெக்சாண்டர், எண்பது வயதை நெருங்கிய மாமனார் லெனாக்ஸ் ஏர்ல் டன்கன் ஆகிய நால்வரின் தலையும் விழுந்தது. ஜேம்ஸ் என்ற இன்னொரு மகன் மட்டும் டம்பார்டன் ஊரைக் கொளுத்திவிட்டு அயர்லாந்துக்குத் தப்பினான். மர்டாக்கின் மனைவி இசபெல்லா இரண்டு நாளில் கணவன், இரு மகன்கள், தந்தை எல்லாரையும் இழந்தார். பல ஆண்டு கழித்து அவரை லோமண்ட் ஏரியின் நடுவே இஞ்ச்மரின் தீவில் வாழ விட்டார்கள். அவர் தானமாகக் கொடுத்த நிலங்களின் சாசனங்கள் அங்கிருந்து எழுதப்பட்டவை.

சீமைகளை மன்னர் எடுத்துக்கொண்டார். டூன் கோட்டையும் அரசுடைமை ஆனது. ஆல்பனி தனக்கும் தன் வம்சத்துக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய அந்த வீட்டை, பிறகு வந்த மன்னர்கள் வேட்டைக்குப் போகும்போது தங்கும் இடமாகவும், தங்கள் ராணிகளின் ஜீவனாம்சச் சொத்தாகவும் வைத்துக்கொண்டார்கள்.